பட்டுக் குருவிக்காகத் தணிந்த குரல்

சூசைமேரிக்கு மெதுவாகப் பேச வராது. போத்தனூரில் யாரைக் கேட்டாலும் சத்தியம் செய்து சொல்வார்கள். சின்ன வயதிலேயே பஞ்சாலைக்குள் போனவள். அங்கே மிஷின் போடும் இரைச்சலில், பக்கத்தில் நிற்பவளிடம் தண்ணீர் கேட்பதென்றாலும் கத்தித்தான் ஆக வேண்டும். வீட்டுக்கு வந்தால் மட்டும் அந்தத் தொண்டை சும்மா இருக்குமா? "லின்சி, சோறு போடட்டா?" என்று மகளைக் கேட்டால் தெருக்கோடியில் இருப்பவருக்கும் பசிக்கும்.

லின்சி ஒரு லவ் பேர்ட்ஸ் குருவி வளர்த்தாள். பேர் பட்டு. பச்சை உடம்பு, மஞ்சள் முகம். லின்சி விரலை நீட்டினால் துள்ளி ஏறும், தோளில் உட்கார்ந்து கம்மலைக் கொத்தும். சூசைமேரி கூண்டுப் பக்கம் வந்தாலோ மூலையில் ஒடுங்கிவிடும்.

தொண்ணூற்றாறில் லின்சிக்குத் தாராபுரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. அந்த வீட்டில் இரண்டு பூனைகள். பட்டுவை அங்கே கொண்டுபோக முடியாது.

"நீங்க கிட்ட வந்தாலே நடுங்குதுங்கம்மா. பாவம், யூனுஸ் பாய் கடைக்கே திருப்பிக் குடுத்துபோடலாங்க" என்றாள் லின்சி. உக்கடத்தில் அவர் கடையில்தான் அதை வாங்கியிருந்தார்கள்.

சூசைமேரிக்கு அது சம்மதமில்லை. புருஷன் செத்த பிறகு அந்த வீட்டில் அவளும் மகளும்தான். மகளும் போய், மகள் கொஞ்சிய குருவியும் போய்விட்டால் அப்புறம் அங்கே என்ன இருக்கிறது?

"அதெல்லாம் வேண்டாம்! கலியாணத்துக்குள்ள அத என்ற கையில ஏத்திக் காட்டறேன் பாரு!" என்றாள். அந்தச் சத்தத்திலேயே பட்டு கூண்டுக்குள் தலைகுப்புற விழுந்தது.

இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம் என்று, கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். முதல் ஓலை வாசித்த ஞாயிறன்று, உள்ளங்கையில் தினையை வைத்துக் கூண்டுக்குள் நீட்டினாள். "சாப்புடு கண்ணு!" அவ்வளவுதான். குருவி றெக்கையடித்ததில் தினையெல்லாம் தரையில். இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று, குருவி அசைந்து கொடுக்கவில்லை. யூனுஸ் பாயிடமே போய் நியாயம் கேட்டாள்.

"கையில ஒண்ணும் குத்தமில்லீங்கக்கா. உங்க சத்தத்துக்குத்தான் அது பயப்படுது. கொஞ்சம் தணிஞ்சு பேசிப் பாருங்க" என்றார் அவர், காதைப் பொத்திக்கொள்ளாத குறையாக.

தணிந்து பேசுவது என்ன அவ்வளவு லேசா? குரலை அடக்கினால் வெறும் காற்றுதான் வந்தது. வெட்கம் வேறு. ஷிப்டு முடிந்து வந்து, மகள் வெளியே போன நேரம் பார்த்துக் கூண்டருகே உட்காருவாள். குருவியிடம் என்னத்தைப் பேச? லின்சிக்கு அம்மை போட்டது, கோயிலில் முதல் நன்மை அப்பம் வாங்கிய அன்று வெள்ளைக் கவுன் கிழிந்து அவள் அழுதது என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். பட்டு தலையைச் சாய்த்துக் கேட்டது. ஒரு நாள் உள்ளங்கையிலிருந்து ஒரே ஒரு தினையைக் கொத்தி எடுத்தது. அடேயப்பா, அன்றைக்கு அவளுக்குச் சோறே இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

மூன்றாம் ஓலை வாசித்த அன்று மத்தியானம், விரலை அதன் வயிற்றோடு ஒட்டி வைத்து, "வா சாமி, அம்மாகிட்ட வா தங்கம்" என்றாள். பட்டு ஒரு காலை வைத்தது. யோசித்தது. மறு காலையும் வைத்தது.

"லின்சி!" என்று கத்த வாயெடுத்தவள் நல்லவேளையாக அடக்கிக்கொண்டாள். திரும்பினால், கதவருகே லின்சியே நிற்கிறாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஏனுங்கம்மா, உங்களுக்கு இப்படிக்கூடப் பேச வருமா? ஊட்டுக்கு யாரோ வந்திருக்காங்கன்னு பாத்தேன். எங்கிட்ட ஒரு நாளாச்சும் இப்படிப் பேசியிருக்கீங்களா?"

வேறு நேரமாக இருந்தால் சூசைமேரி நாலு சத்தம் போட்டு மழுப்பியிருப்பாள். விரலில் குருவி உட்கார்ந்திருந்தது. அதே தணிந்த குரலில்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"உங்கப்பன் போனதுக்கப்புறம் எனக்குப் பயங் கண்ணு. மெதுவாப் பேசுனா அழுதுபோடுவேனோன்னு பயம்."

லின்சிக்கு ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. குருவி மிரண்டுவிடுமே என்று மெல்ல நடந்து வந்து, அம்மாவின் மறு கையைப் பிடித்துக்கொண்டாள்.