அம்மா விட்டுப் போன சாபம்

ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் அவளைக் கஞ்சியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுக்குக் கஞ்சி போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. "அக்கா கஞ்சி போட்ட கோட்டு இருக்கே, டாக்டர் லீவு போட்டாலும் அதுவே எழுந்து போய் நோயாளியைப் பார்த்துட்டு வந்துடும்" என்று கூட வேலை செய்கிற குண்டம்மா சொல்லிச் சிரிப்பாள். வண்டியில் வந்து குவிகிற அழுக்குத் துணியைப் பிரிப்பதும் கஞ்சியக்காதான். இரத்தம் பட்டது பச்சைத் தண்ணீருக்கு, மருந்து பட்டது தனித் தொட்டிக்கு, மற்றது கொதிநீருக்கு. கண்ணைக் கட்டிவிட்டாலும் பிரித்துவிடுவாள்.

பொறியில் விழுந்த எலியைக்கூட ரோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிற மனசு அவளுக்கு. அப்படிப்பட்டவள் தினம் மாலை ஆறரை மணிக்குக் கடவுள் முன்னால் கைகூப்பி நின்று ஒரு மனுஷனைச் சபித்துக்கொண்டிருந்தாள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். இருபத்திரண்டு வருஷம் சபித்தாள்.

அவளுக்கு அண்ணன்மார் இரண்டு பேர். சண்டை நடந்த காலத்தில் இருவரும் ஒரே வாரத்தில் கமாண்டோ படையில் சேர்ந்தார்கள். எதிரி இருக்கிற இடத்துக்குப் பின்னால் போய் இறங்கி, காரியத்தை முடித்துவிட்டு, நடந்தே திரும்பி வருகிற சின்னப் படை அது. பெரியண்ணன் திரும்பி வந்தார். சின்னண்ணன் ஏதோ ஓர் ஆற்றங்கரையில் செத்துப்போனான். உடம்புகூட வரவில்லை. "எதிரி சுட்டதும்மா. ஒரே குண்டு. வலி தெரிஞ்சிருக்காது" என்று பெரியண்ணன் சொன்னார். அம்மா அதை எத்தனை தரம் கேட்டாளோ, அத்தனை தரமும் அவர் அதே மூன்று வாக்கியத்தைத்தான் சொன்னார்.

அன்று மாலையிலிருந்து பிரார்த்தனையின் கடைசியில் அம்மா ஒரு வரி சேர்த்தாள்; மகளும் கூடவே சொன்னாள். "என் பிள்ளையைச் சுட்டவன் கை விளங்காமப் போகணும், கடவுளே." படுத்த படுக்கையாக ஆன பிறகும் விடவில்லை. சாகிறதற்கு முந்தின நாள் மகள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போனாலும் அந்த வரியை விட்டுடாதேடி" என்றாள். அம்மா போய் ஒன்பது வருஷமாகிறது. மகளுக்கு அந்த வரி கசப்புத்தான். இருந்தாலும் தாய்க்குக் கொடுத்த வாக்கு.

பெரியண்ணனும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அவளும் செய்துகொள்ளவில்லை. வீட்டின் முன்னறையில் ஜன்னலோரம் ஒரு மேஜை, அதில் சாவியைக் கவ்விப் பிடிக்கிற ஒரு பிடிமானம், நாலைந்து அரம். அவர் பூட்டுத் திறந்து கொடுப்பார், சாவி வெட்டிக் கொடுப்பார். ஆறரை ஆனதும் அரத்தைக் கீழே வைத்து, பித்தளைத் தூளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, தங்கை பக்கத்தில் வந்து நிற்பார். அவள் கடைசி வரியைச் சொன்னதும், "அப்படியே ஆகட்டும்" என்பார். மற்ற வேண்டுதலுக்கெல்லாம் உதடு மட்டும் அசையும். அதற்கு மட்டும் குரல் வரும்.

வருஷத்துக்கு ஒருநாள் அந்தப் படையில் செத்தவர்களுக்காக ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூடுவார்கள். பேரைப் படிக்கப் படிக்க அந்தந்த வீட்டார் எழுந்து நிற்பார்கள். பெரியண்ணன் ஒருமுறைகூட வந்ததில்லை. "கூட்டத்துல எனக்கு மூச்சு முட்டும், நீ போயிட்டு வா" என்பார். அவள் போய்ச் சின்னண்ணனுக்காக எழுந்து நின்றுவிட்டு வருவாள்.

இந்த வருஷம் கூட்டம் முடிந்து டீ கொடுத்துக்கொண்டிருந்தபோது, ஊன்றுகோலோடு ஒருவர் வந்தார். படையில் வயர்லெஸ் தூக்கினவராம். இத்தனை வருஷம் வேறு நாட்டில் இருந்துவிட்டு இப்போதுதான் திரும்பியிருக்கிறார்.

"நீ அந்த அண்ணன் தம்பிக்குத் தங்கச்சியா?" என்று கேட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியது. "உங்க பெரியண்ணன் மாதிரி ஒரு மனுஷனை நான் பார்த்ததில்லைம்மா. அடிபட்டவனை உயிரோட விட்டுட்டுப் போகக்கூடாதுங்கறது எங்க சட்டம். எதிரி கையில கிடைச்சா என்ன செய்வான்னு எங்களுக்குத் தெரியும். நடக்க முடியாம அடிபட்டுக் கிடந்த உங்க சின்னண்ணனுக்கு அதை நான் செய்யறேன்னேன். 'என் தம்பியை வேற யாரும் தொடக்கூடாது'ன்னு எங்களைத் தள்ளிவிட்டான். அவனே செஞ்சான். உங்க வீட்டுக்கே அது பெருமைம்மா."

அவருக்கென்ன தெரியும்? பெரியண்ணன் வீட்டில் சொல்லியிருப்பான் என்று நினைத்துவிட்டார்.

"ஆமாங்க" என்றாள் கஞ்சியக்கா. கையிலிருந்த டீயை ஒரு வாய்கூடக் குடிக்காமல் மேஜையில் வைத்தாள். எந்த பஸ்ஸில் ஏறினாள், எங்கே இறங்கினாள் என்று பிறகு யோசித்தாலும் அவளுக்கு நினைவு வரவில்லை.

அன்று மாலை ஆறரைக்கு என்ன செய்வது? அந்த வரியைச் சொன்னால் கூடப்பிறந்தவனைச் சபித்ததாகும். சொல்லாமல் விட்டால், அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று பெரியண்ணனுக்குத் தெரிந்துவிடும். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. தலைவலி என்று படுத்துக்கொண்டாள். மறுநாள் இன்னொருத்தியின் முறையையும் தானே பார்ப்பதாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஏழரைக்கு வீட்டுக்குப் போனாள்.

மூன்றாம் நாள், இரத்தம் பட்ட நாற்பது விரிப்பைக் கொதிநீரில் போட்டுவிட்டாள். கறை வெந்து துணியோடு ஒட்டிப்போயிற்று. மேற்பார்வையாளர் ஒன்றை விரித்துப் பிடித்துக்கொண்டு, "என்னக்கா, புதுசா பூப்போட்ட விரிப்பு இறக்கியிருக்கோமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். குண்டம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"உடம்பு சரியில்லையா அக்கா?"

"மனசுடி."

"அதுக்கு இந்த ஆஸ்பத்திரியில வார்டு கிடையாதே" என்று சொல்லி, மீதி மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள் குண்டம்மா.

அன்று தப்ப வழியில்லை. ஆறரைக்கு நின்றாள். அம்மாவுக்காக, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுக்காக, சின்னண்ணனுக்காக வேண்டினாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். பக்கத்தில் பெரியண்ணனின் வாய் திறந்து, அப்படியே மூடிக்கொண்டதை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"வயர்லெஸ்காரன் ஊருக்குத் திரும்பிட்டான்னு கேள்விப்பட்டேன். கூட்டத்துக்கு வந்திருந்தானா?" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள்.

"அவன் வாய் சும்மா இருக்காது. அப்பவும் அப்படித்தான்." நாற்காலியில் உட்கார்ந்தார். "நீ ஏன் நிறுத்தினே? சொல்லு. அம்மா சொல்லச் சொன்னதுதானே?"

"உன்னைப் பார்த்துக்கிட்டே எப்படிண்ணா சொல்லுவேன்?"

"இத்தனை வருஷம் பார்த்துக்கிட்டேதானே சொன்னே? எனக்கு அது வேணும். நான் செஞ்சதை ஒரு நாளைக்கு ஒருதரமாவது யாராவது தட்டிக் கேக்கறாங்கன்னு இருந்துச்சு."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாளாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது வெளியே வந்தது. "சின்னண்ணன் சரின்னு சொன்னானா?"

பெரியண்ணன் மேஜையிலிருந்து ஒரு சாவியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சொல்லுண்ணா. அவன் சரின்னானா?"

"நான் கேக்கலை."

"ஏன் கேக்கலை?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பான்."

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். ஏன் செய்தாய் என்று கேட்பதில் அர்த்தமில்லை. செய்யாமல் விட்டிருந்தால் சின்னண்ணன் கதி என்னவாகியிருக்கும் என்பதையும் வயர்லெஸ்காரர் சொல்லியிருந்தார். பெரியண்ணனை மன்னித்துவிட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அது அவள் கையில் இருக்கிறதா, சின்னண்ணன் கையில் இருக்கிறதா? பாவி என்று சொல்லவும் வாய் வரவில்லை. அம்மா கேட்டபோதெல்லாம் ஒற்றை ஆளாக அந்தப் பொய்யைத் தாங்கினவரும் இவர்தானே?

வெகுநேரம் கழித்து எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"அண்ணா, நாளையிலிருந்து வாய்விட்டு வேண்டாம். ஒண்ணா நிப்போம். நீ உன்னோடதை மனசுக்குள்ள சொல்லிக்கோ. நான் என்னோடதைச் சொல்லிக்கிறேன்."

"அம்மாவோட வரி?"

"அதைப் பத்தி என்கிட்டே இனிமே கேக்காதே."

அவர் கேட்கவுமில்லை. இப்போதும் ஆறரைக்கு அந்த முன்னறையில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். அவர் எதைக் கேட்டுக்கொள்கிறார், அவள் எதைக் கேட்டுக்கொள்கிறாள் என்பது அவர்களைப் படைத்தவனுக்குத்தான் வெளிச்சம். சில நாள் அவளுக்கு அதிக நேரம் பிடிக்கும். அப்போது பெரியண்ணன் கண்ணைத் திறந்துவிட்டாலும் நகரமாட்டார். அவள் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு, அவள் முடிக்கிறவரை நிற்பார். முடித்ததும் சோறு வைக்க அவர்தான் முதலில் உள்ளே போவார்.