ஜமீன் அரண்மனை வாடகைக்கு

பழைய அரண்மனையை விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிற தொழில் இருக்கிறதே, அதில் உள்ளே வந்து தங்குகிறவரைவிடச் சாவி கொடுக்கிறவருக்குத்தான் அதிகம் வேர்க்கும். லாட்ஜோ சத்திரமோ கல்யாண மண்டபமோ கட்டி மேய்த்தவர்களுக்கு என் பாடு புரியும்.

எழுபதுகளின் தொடக்கத்தில், பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே ஒரு ஜமீன் அரண்மனைக்கு நான் மானேஜர். சமையல், தோட்டம், எலி விரட்டுவது எல்லாம் அதில் அடக்கம். ஜமீன்தார் காலமாகி, பின்கட்டில் அவர் மனைவி தொரசானியம்மா மட்டும் இருந்தார். முன்கட்டு பட்டணத்துக்காரர்களுக்கு. "ஆடிக்குள்ள ஆள் வந்து தங்கலைன்னா ஃபேக்டரிக்காரருக்கு வித்துடுவேன்" என்று மெட்ராஸிலிருந்த மகன் சொல்லிவிட்டார். விற்றால் அந்த அம்மாள் மகனுடைய மாடி போர்ஷனில் போய் ஒண்ட வேண்டும். எனக்கு ஒண்டவும் இடம் கிடையாது.

முப்பது அறை

முதலில் வந்தவர் ஒரு வங்கி அதிகாரி, குடும்பத்தோடு. தர்பார் ஹால், ஆளுயரக் கண்ணாடி, சுவரில் ஈட்டிகள் என்று எல்லாவற்றையும் காட்டினேன். மனிதர் பூரித்துப் போனார். பிறகு குரலைத் தாழ்த்தி, கக்கூஸ் எங்கே என்றார். தோட்டத்தைத் தாண்டி, மாமரங்களையும் தாண்டி, தூரத்தில் தெரிந்த ஓட்டுக் கொட்டகையைக் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது. அடுத்த ரயிலுக்கே கிளம்பினார். வாசற்படியில் நின்று என்னைக் கேட்டார்:

"முப்பது ரூம் கட்டின ராஜாவுக்கு, ஒரு நாள்கூட அவசரமா வரவே இல்லையாய்யா?"

சிம்மாசனம்

அடுத்து வந்தது எண்ணூரிலிருந்து ஒரு பெரிய குடும்பம். எதற்கும் முகம் சுளிக்காதவர்கள். மறுநாள் காலை தர்பார் ஹாலுக்குள் போனேன். ஈட்டிகளில் லுங்கியும் பாவாடையும் சொட்டிக்கொண்டிருந்தன. ஜமீன்தாரைத் தவிர யாரும் உட்காராத சிம்மாசனத்தில், ஜன்னல் வெயில் விழும் இடமாகப் பார்த்து, மோர்மிளகாய் பரப்பியிருந்தார்கள். மறைக்கலாம் என்று திரும்பினால் பின்னால் தொரசானியம்மா! அவர் கிட்டே போனார், குனிந்தார், ஒரு மிளகாயை எடுத்துப் பார்த்தார்.

"ஒரு பக்கமே காயுது நைனா, திருப்பிப் போடச் சொல்லு."

தோட்டத்தில் அம்மன்

அவர்களும் வௌவாலுக்குப் பயந்து போய்விட்டார்கள். ஆடி பிறந்தது. ஃபேக்டரிக்காரரை அழைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருவதாக மகனிடமிருந்து கடிதம். அன்று தொரசானியம்மா சாப்பிடவில்லை. சனிக்கிழமை காலை சட்னி அரைக்க உட்கார்ந்தால் அம்மி இருக்கிறது, குழவியைக் காணோம். வெள்ளி டம்ளர் போனால் புரியும், குழவியை எவன் திருடுவான்?

ஞாயிறு காலை, பெரியபாளையத்துக்கு வேண்டுதலுக்குப் போகிற ஒரு லாரி ஜனம் வாசலில் இறங்கியது. வேப்பஞ்சேலை கட்ட இலை கேட்டார்கள். தோட்டத்து வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனால், அங்கே மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றி ஒரு கல்! என் தோட்டத்தில் எனக்கே தெரியாமல் ஒரு அம்மன். நான் வாயைத் திறப்பதற்குள் பொங்கல் பொங்கி, எலுமிச்சம்பழம் அறுத்து, ஒரு பெண்ணுக்கு அருளும் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துக் கார் வந்தது. ஃபேக்டரிக்காரர் ஷூவைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். போன மாதம் இந்தக் கல் இங்கே இல்லவே இல்லை என்று மகன் தொண்டை கிழியக் கத்தினார். ஃபேக்டரிக்காரர் மறுபடி ஷூவை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"நேத்து வந்தாலும் அம்மா அம்மாதான் சார். இவங்கள தூக்கிட்டு நான் மிஷின் எறக்குனா, எவன் சார் கேட்டுக்குள்ள வேலைக்கு வருவான்?"

சட்னி

எல்லோரும் போன பிறகு மரத்தடியில் உட்கார்ந்து கல்லை நன்றாகப் பார்த்தேன். துணிக்கு வெளியே தெரிந்த முனை தேய்ந்திருந்தது. தினமும் நான் பிடிக்கிற முனை. அதிர்ச்சியில் பின்கட்டுக்கு ஓடினேன். "அம்மா, அது நம்ம குழவி!"

தொரசானியம்மா நகக்கண்ணிலிருந்த மஞ்சளைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"கத்தாத நைனா. இந்த ஊட்ட உட்டுட்டு நான் எங்க போவேன்? இனிமே இட்லிக்கிப் பொடி வெச்சிக்கலாம்."

அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆடியிலும் வேண்டுதலுக்கு வந்து தங்குகிறவர்களால் அரண்மனை நிரம்பி வழிந்தது, நான்தான் இன்றுவரை எந்த வீட்டு அம்மியைப் பார்த்தாலும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன்.