பெல்பாட்டத்துக்குத் துணையாக ஒரு மடிசார்

கீழே அகலமாக இருந்தால் மேலே ஒடுக்கமாக இருக்க வேண்டும். எழுபதுகளின் கடைசியில் மட்டாஞ்சேரியிலிருந்து படகேறி எறணாகுளத்தில் கல்லூரிக்குப் போன நானும் என் மூன்று தோழிகளும் வேதமாக நம்பிய விதி இது. இடுப்பைப் பிடித்து, முழங்காலுக்குக் கீழே மணியாக விரியும் பெல்பாட்டம் ஜீன்ஸ். அதற்கு மேல் உடம்போடு ஒட்டிய சட்டை. கல்லூரி விழாவுக்கு நால்வரும் அப்படியே போய் இறங்குவதென்று சத்தியம் செய்திருந்தோம். மற்ற மூன்று பேரும் வீட்டில் சம்மதம் வாங்கிவிட்டார்கள். என் வீட்டில் அப்பா இருந்தார்.

ஜீன்ஸ் என்னவோ தானாக வந்து சேர்ந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் ஆபீஸில் வேலை பார்த்தார். யாரோ கப்பல்காரனிடம் தனக்கென்று வாங்கி வந்தார். அது அவர் தொடையைத் தாண்டி மேலே ஏற மறுத்துவிட்டது. "நீயே வெச்சுக்கோ" என்று என்மேல் தூக்கிப் போட்டார். எனக்கு நீளம் ஒரு சாண் அதிகம். அதனாலென்ன? கதவைச் சாத்திக்கொண்டு மாட்டிப் பார்த்தேன். இரண்டு காலையும் மாறி மாறி உதறினேன். சந்தோஷம் தாங்காமல் கட்டிலில் ஏறிக் குதித்தேன். அந்தச் சத்தத்தில் அப்பா வந்துவிட்டார்.

"என்னடி இது? கொச்சியில அவனவன் யானைக்காலை மறைக்கப் பாடாப் படறான். நீ தேடிப் பிடிச்சு மாட்டிண்டு நிக்கறயே!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அகலத்தைத் திட்டினாலும் அப்பாவின் உண்மையான ஆட்சேபம் வேறு. பெண்பிள்ளைக்குக் கால் இரண்டும் தனித்தனியாகத் தெரியக் கூடாதாம். பாவாடைக்குள் கால் இருக்கிறதா இல்லையா என்பதே ஊகமாக இருக்க வேண்டும், அதுதான் லட்சணம் என்றார்.

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஏன்னா, நாள்கிழமைல நான் மடிசார் கட்டிண்டா, என் கால் ரெண்டும் ஒட்டிண்டா இருக்கு?"

ஒன்பது கெஜப் புடவையைக் காலிடையில் கொடுத்து வாங்கிப் பின்னால் கச்சமாகச் செருகினால் ஒவ்வொரு காலுக்கும் தனி வழி கிடைத்துவிடும். பாலக்காட்டிலிருந்து வந்த எங்கள் குடும்பங்களில் பூஜைக்கும் திவசத்துக்கும் பெண்களுக்கு அதுதான் உடுப்பு. அதைக் கட்டிக்கொண்டு அம்மா பரிமாறினால்தான் அப்பாவின் முன்னோர்களுக்கே சாப்பாடு இறங்கும். சாஸ்திரம் ஒத்துக்கொண்ட பெல்பாட்டம்!

ஆனால் அப்பா லேசில் தோற்கிறவர் இல்லை. "செரி. இந்தக் கோலத்துல இவளோட நடந்து, போட்டில ஏறி, அக்கரை வரைக்கும் கூடப் போக இந்த ஆத்துல பெரியவா யாராவது தயாரா இருந்தா, பேஷா போகட்டும்" என்றார்.

சரியான தந்திரம். மாமாவுக்கு ஆபீஸ். அம்மாவுக்கோ படகென்றால் பாதி உயிர் போய்விடும். அக்கரையில் கல்யாணம், காரியம் என்று தவிர்க்க முடியாமல் ஏறினாலும், ஏறியதிலிருந்து இறங்கும் வரை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு "கரை வந்தாச்சா? கரை வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பாவாடைக்கு இஸ்திரி போட்டு வைத்தேன்.

விழாவன்று காலை குளித்துவிட்டு வந்தால், கட்டில்மேல் ஜீன்ஸ், நீளத்தை மடித்துத் தைத்து. பக்கத்தில் அப்பாவின் வெள்ளை ஜிப்பா, கையில் ஊசிநூலோடு அம்மா.

"மேல ஒடுக்கமாத்தான் போடணும்மா, அதான் விதி."

"விதியாவது, மண்ணாவது! இதைப் போட்டுக்கோ. அவரோட ஜிப்பாவை அவரே எப்படிக் குத்தம் சொல்லுவார்?"

போட்டேன். தொடை தாண்டித் தொங்கிய வெள்ளைக்குக் கீழே இரண்டு நீல மணிகள் விரிந்தன. அபாரமாக இருந்தேன். தற்பெருமைதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

கூடத்துக்கு வந்தால் அம்மா அரக்கு நிற மடிசாரில் நிற்கிறாள். அப்பா பேப்பரைத் தாழ்த்தினார்.

"இன்னிக்கு என்ன விசேஷம்?"

"கொழந்தைக்கு பெல்பாட்டம்" என்றாள் அம்மா. "காப்பி பிளாஸ்க்ல இருக்கு. போயிட்டு வரட்டுமா?"

யூதர் தெருவான ஜூ டவுன் வழியாகப் படகுத்துறைக்கு நடந்தோம். மிளகு மூட்டை சுமந்தவர்கள் மூட்டையோடு நின்றுவிட்டார்கள். என்னைப் பார்க்கிறார்களா, பட்டப்பகலில் மடிசாரோடு கடைத்தெருவில் விறுவிறுவென்று நடக்கும் அம்மாவைப் பார்க்கிறார்களா என்று தெரியவில்லை. சுக்குக் கிடங்கு வாசலில், மடித்துத் தைத்தும் என் ஜீன்ஸ் தரையைப் பெருக்கிக் கிளப்பிய தூசியில் இருவரும் தும்மினோம். தும்மல் போய்ச் சிரிப்பு வந்தது. சாயாக்கடைச் சேட்டன் எட்டிப் பார்த்து, "அம்மியாரே, எங்ஙோட்டா?" என்று எங்கே பயணம் என மலையாளத்தில் விசாரித்தார்.

"காலேஜிலேக்கு" என்றாள் அம்மா, தானே போய்ச் சேரப்போகிறவள் மாதிரி.

துறைக்கு வந்ததும் அம்மாவின் சிரிப்பு நின்றது. படகு அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் முகம் வெளுத்தது. எனக்குப் பாவமாகிவிட்டது.

"வேண்டாம்மா, நீ ஆத்துக்குப் போ. அப்பா கேட்டா வந்தேன்னு சொல்லிக்கலாம்."

"பொய் சொல்லியா ஜெயிக்கறது?" என்றாள். ஒரே எட்டு. நடுவில் தெரிந்த தண்ணீரைத் தாண்டிப் படகுக்குள் நின்றாள். தினசரிப் புடவையில் அந்த எட்டு முடியாது. பின்னாலேயே நானும் அதே மாதிரி எட்டு வைத்தேன்.

உட்கார இடமில்லை. படகு நகர்ந்தது, காற்று புகுந்து என் ஜீன்ஸின் இரண்டு கால்களும் உப்பின. அம்மா கண்ணை மூடிக்கொண்டு பிடிமானத்துக்குத் துழாவினாள். துழாவிய கை நேராக என் ஜீன்ஸ் பாக்கெட்டுக்குள் போய்விட்டது. சட்டென்று கண்ணைத் திறந்தாள்.

"அய்யே! இதுல பை இருக்கா?"

"ரெண்டு பக்கமும் இருக்கும்மா. பின்னாலயும்."

"மடிசாருக்கு இது ஒண்ணுதான் குறை" என்றாள். கையை எடுக்கவில்லை. திறந்த கண்ணையும் மூட மறந்துவிட்டாள். வெலிங்டன் தீவை ஒட்டி நின்ற கப்பலை அண்ணாந்து பார்த்தாள். அதன் மேல்தட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒருவன் கையசைத்தான். அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, காலியாக இருந்த கையைத் தூக்கி அவனுக்கு ஆட்டினாள்.

"இத்தனை வருஷமா இதையாடி பாக்காம இருந்தேன்?"

படகு தட்டென்று கரையில் மோதியது. எல்லோரும் இறங்க முண்டினார்கள். அம்மா மட்டும் என் பாக்கெட்டில் விட்ட கையோடு அப்படியே நின்றாள்.

"அதுக்குள்ள கரை வந்தாச்சா?"