அரசாங்க பிரிண்டரை அறைந்தேன்

அம்மாவுக்கு நாளை ஆபரேஷன். மருத்துவமனையில் காட்ட இன்சூரன்ஸ் அட்டை வேண்டும். நானும் அப்பாவும் ஆகுர்டியில் ஷேர் ஆட்டோ பிடித்து அரசு அலுவலகத்துக்குப் போனோம்.

கவுன்டரில் முதலில் ஒரு கருத்துப் படிவம் தந்தார்கள். ‘எங்கள் அலுவலகத்தின் திறன் என்ன? எதிர்காலச் சவால் என்ன?’

“எல்லாம் பிரமாதம்னு எழுதிட்டு வாடி,” என்றார் அப்பா.

நான் பார்த்ததை எழுதினேன். திறன்: எல்லோரும் காகா என்று கூப்பிடும் வயதான பியூன் இடப்பக்கம் அறைந்தால் பிரிண்டர் ஓடுகிறது. சவால்: வெள்ளிக்கிழமை ரிட்டயர்மென்ட் என்று அவர் எல்லோருக்கும் பேடா கொடுக்கிறார்.

மேனேஜர் படித்தார். வாயிலிருந்த பேடாவை விழுங்க மறந்தார்.

“அவர் போயிட்டா யார் அடிக்கிறது? நான் அடிச்சா மெமோ வரும். நீ அடி, பேட்டா,” என்று மகளைப் போல அழைத்தார்.

அறைந்தேன். அம்மாவின் அட்டை வந்து விழுந்தது.

இப்போது படிவத்தில் திறன் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார். அன்று எனக்குக் கணக்குப் பரீட்சை. எனக்குப் பதிலாக வந்து அறைய, கை சும்மா இருப்பவர்கள் கமென்ட்டில் சொல்லவும்.