இசை மேடையின் நிழல்

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். ஷார்ஜாவின் பழைய சதுக்கத்தில் சுற்றுலா வழிகாட்டி. அங்குள்ள இசை மேடையைப் புதுப்பித்தபோது அப்பா கல் சுமந்தார். அதன் நிழலில் சற்று உட்கார்ந்த அவரை எழுப்பி வெயிலில் நிறுத்திய ஃபோர்மேன், போன மாதம் சின்ன மகளோடு சுற்றிப்பார்க்க வந்தார். அப்பாவின் தொழிலாளர் கேம்ப் போட்டோவில் பார்த்த முகம்.

இருவரையும் வெயிலில் நிறுத்தியே மேடையின் கதையை இழுத்து இழுத்துச் சொன்னேன்.

"நிழல்ல உக்காரலாமா மேடம்?"

"நில்லுங்க சார். எங்கப்பா செல்லையாவ நீங்க நிறுத்துன இடம்தான்."

அவர் தலை குனிந்தது.

ஊரிலிருக்கும் அப்பாவிடம் போனில் பெருமையாகச் சொன்னேன்.

"அந்தப் புள்ளையுமா வெயில்ல நின்னுச்சு?" என்றார்.



அந்த ஆள் மறுபடி வந்தால் மறுபடியும் நிறுத்துவேன். பிள்ளையை மட்டும் முதலில் நிழலில் உட்கார வைப்பேன்.