இறுக்கி மாட்டிய கிளட்ச்

சுப்பையா எனக்குப் பின்னால் எங்கள் மோட்டார் பட்டறையில் பெயின்ட் அடிக்கச் சேர்ந்தவன். ஆனால் எனக்கு முன்னால் மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டான். சிராங்கூன் ரோட்டில் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து அவன் போகும்போதெல்லாம், சைக்கிள் மிதிக்கும் எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் அவனுடைய கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டது. "அண்ணே, உங்க கையாலயே புதுசு மாட்டிக் குடுங்க" என்று என்னிடம்தான் வந்தான். புதுக் கேபிள் மாட்டினால் பிடியில் ஒரு காசு கனத்துக்காவது தளர்வு விட வேண்டும். விடாவிட்டால் கிளட்ச் வழுக்கி வழுக்கித் தகடு தீய்ந்துபோகும். தெரிந்தேதான் இறுக்கி முடுக்கினேன்.

மூன்றாம் நாள் மத்தியானம், புக்கிட் தீமா மேட்டில் நின்றுபோன வண்டியை அவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்தான். அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி பின்னாலேயே அவன் மனைவி. நான் அவசரமாகப் பொய் தேடினேன். அவனோ தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சுக்குங்கண்ணே. நீங்க நல்லாத்தான் மாட்டுனீங்க. எனக்குத்தான் ஓட்டத் தெரியல லா" என்றான்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "கிளட்ச்சை இப்படியா போட்டு அமுக்குவாங்க?" என்று அந்தப் பெண்ணின் முன்னாலேயே அவனைத் திட்டினேன்.

தகடு மாற்றி, அளவாகத் தளர்வு விட்டுக் கொடுத்தேன். வண்டி பிறகு மக்கர் பண்ணவே இல்லை. ஆனால் மேட்டைக் கண்டால் சுப்பையா மனைவியை இறக்கிவிட்டுத் தனியாக ஏறுவான்.

நானும் பிறகு வண்டி வாங்கினேன். எந்த மேட்டில் ஏறினாலும், அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி அவன் மனைவி என் பின்னால் நடந்து வருகிறாள்.