முக்காலியில் இருந்த செல்போன்

நாகப்பட்டினத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த வீரமணி, கோயில் திருவிழாவின் நாதஸ்வரக் கச்சேரியை வருஷம் தவறாமல் கேசட்டில் பதிவுசெய்வார். ஊரே அவரிடம்தான் வந்து பிரதி எடுத்துப் போகும். அந்த வருஷம் அவர் மனைவி அனுசுயாவின் தம்பி காயாரோகணம், சிங்கப்பூரிலிருந்து உள்ளங்கையளவு டிஜிட்டல் ரெக்கார்டரோடு வந்து இறங்கினான்.

"இதுல இரைச்சலே இருக்காதாம்" என்று அனுசுயா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். வித்வானே அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "எனக்கு ஒரு காப்பி குடுங்க தம்பி" என்றார். வீரமணியிடம் அவர் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.

மேடைக்கு முன்னால் ஒரே முக்காலியில் இரண்டு கருவிகளும் இருந்தன. காயாரோகணம் தன் செல்போனையும் சத்தம் வராதபடி அமர்த்தி அங்கேயே வைத்துவிட்டு வந்தான். செல்போனுக்கு அழைப்பு வந்தால் பக்கத்திலிருக்கும் ரேடியோ டர்ர் டர்ரென்று இரைவதை வீரமணி கடையில் தினமும் கேட்பவர். தோடி ராகம் உச்சத்துக்குப் போனபோது மெல்ல எழுந்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். காயாரோகணத்தின் செல்போன் எண்ணுக்கு விடாமல் போன் போட்டார்.

மறுநாள் வீட்டில் போட்டுக் கேட்டார்கள். தோடியின் உச்சத்திலிருந்து ஒரே இரைச்சல். வீரமணியின் கேசட்டிலும் அதே இரைச்சல். ஆத்திரத்தில் தன் டேப் பக்கத்திலேயே இருப்பதை அவர் மறந்துபோயிருந்தார்.

"என் போனாலதான் அத்தான் உங்க கேசட்டும் கெட்டுப்போச்சு. மன்னிச்சுக்குங்க" என்றான் காயாரோகணம், கண் கலங்க.

நடந்ததைச் சொல்லிவிடலாமென்று வீரமணிக்கு வாய்வரை வந்தது.

"எம் தம்பிக்குத் தங்கமான மனசு" என்றாள் அனுசுயா.

வீரமணி வந்ததை விழுங்கிக்கொண்டார். வயிறு முன்னைவிட எரிந்தது.